முனிசிப்பாலிட்டி: நகராட்சி அன்று, பேரூர்

பிலிப்பீன்சின் பங்கசினான் மாகாணத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அதன் தலைநகரை 'லிங்கயென் நகராட்சி' என்று எழுதிவருகிறார்கள். அங்கே 'முனிசிப்பாலிட்டி' எனப்படும் ஆட்சிப் பகுதியை 'நகராட்சி' என்று மொழிபெயர்ப்பதால் வருவது இது. இந்தப் பிழை இனியும் தொடரக் கூடாது.

முனிசிப்பாலிட்டி என்பதன் வேர், கடமை ஏற்ற ஊரைக் குறித்த 'முனிசிபியம்' என்னும் இலத்தீன் சொல். பிலிப்பீன்சின் தகலோக்கு மொழியினர் முனிசிப்பாலிட்டியைப் 'பாயன்' என்பார்கள். 1991ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, மாகாணத்துக்கு அடுத்த படியில் (தனித்து இயங்கும் சில நகரங்கள் தவிர) நகரமும் முனிசிப்பாலிட்டியும், அவற்றுக்குக் கீழே பராங்காய் எனப்படும் மிகச் சிறிய ஆட்சிப் பிரிவும் வருகின்றன.

நம் வழக்கில் நகராட்சி என்பது வரி வாங்கும், குப்பை அள்ளும் ஓர் அமைப்பு. அது நிலப்பரப்பின் பெயர் அன்று. 1945 ஜனவரி 9 அன்று லிங்கயென் வளைகுடாக் கரையில் அமெரிக்கப் படைகள் இறங்கியதை, 'லிங்கயென் நகராட்சியில் இறங்கின' என்று எழுதினால், கடற்கரைச் செய்தி அலுவலகச் செய்தியாகத் திரிந்துவிடும். அதைவிடப் பெரிய கேடு 'நகர்' என்னும் முன்பகுதியால் வருகிறது. லிங்கயென் 32 பராங்காய்களைக் கொண்டது. தேவாலயமும் திடலும் முனிசிப்பாலிட்டி அலுவலகமும் சூழ்ந்த நடுப்பகுதி போக, மீனவர் குடியிருப்புகளும் மீன் வளர்க்கும் குளங்களும் அதற்குள்ளேயே அடங்கும். 2020 கணக்கெடுப்பில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள் என்று படிக்கும் தமிழர், அத்தனை பேரும் நெருங்கி வாழும் நகரம் ஒன்றைத்தானே மனத்தில் காண்பார்?

இலங்கை வழக்கைப் பின்பற்றி 'மாநகர சபை' என்பது இன்னும் தவறு. பிலிப்பீன்சில் நகரம் என்பது சட்டம் தரும் தனித்தகுதி. பக்கத்திலுள்ள டகுபானுக்கு அத்தகுதி உண்டு. அது மாகாண ஆட்சிக்குக் கட்டுப்படாததால் அதன் மக்கள் மாகாண ஆளுநர் தேர்தலில் வாக்களிப்பதும் இல்லை. தலைநகராக இருந்தும் லிங்கயென் நகரம் ஆகவில்லை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் அந்த மாகாணத்தின் அமைப்பே விளங்காமல் போகும்.

சோழர் கல்வெட்டுகளில் பல ஊர்களின் தொகுதி 'நாடு' எனப்பட்டது. 'பாயன்' என்னும் சொல்லும் ஊர், நாடு என்னும் இரு பொருளையும் தாங்குகிறது. பொருத்தம் அழகானதுதான், ஆனால் 'லிங்கயென் நாடு' என்றால் இன்றைய வாசகர் தனி நாடு என்றே கொள்வார். ஆகவே 'பேரூர்' என்பதே தகும். சிற்றூர்களை உள்ளடக்கிய பெரிய ஊர் என்று அது தானே விளங்கும். பேரூராட்சியோடு குழம்பும் என்பார்கள். 'ஆட்சி' என்னும் ஈறு இல்லாதவரை அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் கலைச்சொல் பட்டியலைப் பார்க்கும் அளவுக்கு நிலப்படத்தைப் பார்ப்பதில்லை. எந்த நாட்டுச் செய்தியானாலும் நம்மூர் அலுவலகப் பலகையிலுள்ள சொல்லையே எடுத்து ஒட்டுகிறார்கள். லிங்கயென் பேரூர், அதை ஆளும் பேரூர் மன்றம், 'பொப்லசியோன்' எனப்படும் அதன் ஊர்நடு என்று எழுதினால் இடமும் அமைப்பும் மையமும் தனித்தனியே தெளிவாக நிற்கும்.