வராத வட்டியை வரவு வைத்த வங்கி

கிளைத் தணிக்கைக்குப் போனால் முதலில் பெரிய கடன்களின் பட்டியலைக் கேட்பேன். அடுத்து, அந்தக் கணக்குகளில் வட்டி எங்கிருந்து வந்து விழுந்தது என்று தேடுவேன். ஒரு கிளையில் மார்ச் 29 அன்று ஒருவருக்குப் புதுக்கடன் கொடுத்திருந்தார்கள். மறுநாளே அந்தப் பணம் அவருடைய பழைய கடனின் வட்டிக்குப் போயிருந்தது. "பழைய பார்ட்டி சார், எங்கேயும் ஓடிட மாட்டார்" என்றார் மேலாளர், சிரித்துக்கொண்டே. எனக்கு கிளாஸ்கோ ஞாபகம் வந்தது.

ஸ்காட்லாந்தில் 1839-இல் தொடங்கிய சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கிக்கு 133 கிளைகள். 1878 கோடையில் 12 சதவீத ஈவுத்தொகை அறிவித்தது. அக்டோபர் 2 அன்று கதவு திறக்கவில்லை.

கடனில் பெரும்பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களிடம் சிக்கியிருந்தது. இந்திய வணிகத்தில் இருந்த ஸ்மித் ஃபிளெமிங் அவற்றில் ஒன்று. கறாராக வசூலில் இறங்கினால் நஷ்டம் வெளியே தெரிந்துவிடும். ஆகவே மேலும் மேலும் கொடுத்தார்கள். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்தது; அதுவே வங்கிக்கு வருமானமாகவும் எழுதப்பட்டது. அந்தக் காகித லாபத்திலிருந்துதான் ஈவு! பங்கு விலை சரியாமலிருக்கத் தன் பங்கைத் தானே வாங்கிக்கொண்டது வங்கி. பேலன்ஸ் ஷீட்டில் கடனைக் குறைத்தும் தங்கக் கையிருப்பைக் கூட்டியும் காட்டினார்கள். வெளித் தணிக்கையாளர் என்று ஒருவர் இல்லை.

டெபாசிட் போட்டவர்களுக்கு முழுப் பணமும் கிடைத்தது. அதைக் கொடுத்தவர்கள் பங்குதாரர்கள். பொறுப்புக்கு வரம்பில்லாத வங்கி அது: கடன் எவ்வளவானாலும் பங்குதாரர்கள்தான் சொந்தப் பணத்திலிருந்து அடைக்க வேண்டும். 100 பவுண்டு பங்குக்கு முதலில் 500 கட்டு என்றார்கள், பிறகு இன்னும் 2,250. மொத்தம் 1,819 பங்குதாரர்கள். திவாலாகாமல் தப்பியவர்கள் 254 பேர்தான். பிறருக்காக அறங்காவலராகப் பங்கு வைத்திருந்தவர்களும் சொந்தச் சொத்திலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. பொய்க்கணக்கு எழுதியவர்களுக்கு 1879-இல் எடின்பரோவில் தண்டனை: இருவருக்கு 18 மாதம், ஐவருக்கு 8 மாதம். எனக்கு இது குறைவாகத்தான் படுகிறது. அதே ஆண்டு வந்த சட்டம், வரையறுக்கப்பட்ட பொறுப்போடு பதியும் வங்கிகளுக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது.

இன்று நம் ஊரில் 90 நாள் தவணை தவறினால் அது வாராக்கடன். அப்படிப்பட்ட கடனில் கைக்கு வராத வட்டியை வருமானத்தில் சேர்க்கக் கூடாது. வங்கி காட்டிய வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி கண்டுபிடித்ததற்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். பங்கு வாங்குமுன் அந்தக் குறிப்பைத் தேடிப் படியுங்கள், ஈவுத்தொகையைப் பிறகு பார்க்கலாம். கூட்டுறவு வங்கியில் கடனுக்காகப் பங்கு எடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு டெபாசிட்டுக்கு மட்டுமே, பங்குக்கு இல்லை.

அந்த மார்ச் 29 கடனை வாராக்கடனில் சேர்க்கச் சொல்லி எம்.ஓ.சி. (கணக்கைத் திருத்தச் சொல்லும் தணிக்கையாளர் குறிப்பு) எழுதினேன். ஏற்றியிருந்த வட்டியைக் கழித்தபோது கிளையின் லாபம் நஷ்டமாகத் திரும்பியது. மேலாளர் அன்று எனக்குக் காபி சொல்லவில்லை.