பாங்காக் போகிறீர்களா? பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து பாங்காக் போகிறவர்கள் இப்போது அதிகம். கொச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, விசாவுக்கு அலைச்சல் இல்லை. என் டிராவல்ஸ் கவுன்டரில் வந்து உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, "அங்க சோறு கிடைக்குமுங்களா?" என்பதுதான். கிடைக்கும். அவர்கள் கேட்காமல் விடுகிற சில விஷயங்கள்தான் பிறகு தொல்லை கொடுக்கின்றன.

முதலில் காகிதம். 2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கு 60 நாள் வரை விசா இல்லாத சுற்றுலா அனுமதியைத் தாய்லாந்து கொடுத்தது. இந்த மாதிரி சலுகைகள் கூடும், குறையும். டிக்கெட் போடும் வாரத்தில் தாய்லாந்துத் தூதரகத் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மச்சான் போன வருடம் போய்வந்த கதையை வைத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், பைசா செலவில்லை. காசு கேட்டால் அது போலித் தளம். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓ டாட் டிஎச்' என்று முடியும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) வகை. வேலைக்குப் போக முன்அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் இருப்பதால், சுற்றுலா போகிறவரையும் நெடும்பாசேரி (கொச்சி) விமான நிலையத்திலேயே நிறுத்தி இரண்டு கேள்வி கேட்பார்கள். ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் இரண்டையும் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள். போனில் இருக்கிறது என்று சொல்லி, சார்ஜ் போன போனைக் காட்டுகிறவர்களும் உண்டு.

அடுத்து பை. நம்முடையது தென்னந்தோப்பு ஊர். உறவுக்காரருக்கென்று கொப்பரை கட்டி எடுத்துவருகிறார்கள்; தீப்பிடிக்கும் பொருள் என்று விமான நிலையத்தில் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். இ-சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம், வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாதிரியான வலி மாத்திரை எடுப்பவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் கிளம்பக்கூடாது. அங்குள்ள விதிகளையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

இறங்கியபின் ஊர் எளிதானது, நம்பலாம். சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு விமான நிலையம் இருப்பதை மட்டும் மறக்காதீர்கள். போகும்போது ஒன்றில் இறங்கி, வரும்போது மற்றதில் ஏற வேண்டிய டிக்கெட்டும் உண்டு. சுவர்ணபூமியிலிருந்து ஏர்போர்ட் ரயில் 45 பாட்டுக்குள் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) பாயா தாய் ஸ்டேஷன் வரை கொண்டுவிடும், அங்கேயே ஸ்கைட்ரெயின் என்ற மேம்பால நகர ரயிலைப் பிடிக்கலாம். டாக்சி என்றால் தரைத்தளத்து மெஷினில் வரிசைச் சீட்டு எடுங்கள். மீட்டர் தொகைக்கு மேல் 50 பாட் ஏர்போர்ட் கட்டணம், டோல் தனி. மீட்டர் போட மாட்டேன் என்றால் இறங்கிவிடுங்கள். அடுத்த வண்டி பின்னாலேயே நிற்கும். ஹோட்டல் முகவரியைத் தாய் எழுத்திலும் வைத்திருங்கள், பல டிரைவர்களுக்கு ஆங்கிலம் ஓடாது. நம் கார்டில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் பிடித்தம் உண்டு. டாலராகக் கொண்டுபோய் மாற்றுகிறவர்கள் 100 டாலர் தாளாக வாங்கிக்கொள்ளுங்கள். சில்லறைத் தாளுக்கு அங்கே விலை குறைத்துத்தான் தருவார்கள்.

கிராண்ட் பேலஸ் என்ற அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு நாடகம் நடக்கும், பல வருடமாக ஓடுகிற நாடகம். மதில் ஓரத்தில் சுத்தமாக உடுத்திய ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, "இன்று பூஜை, மதியம் வரை மூடியிருக்கிறது" என்பார். பக்கத்தில் ஒரு புத்தர் கோயில் இருக்கிறது, டுக்டுக் ஆட்டோவில் 20 பாட்தான் என்பார். வண்டியும் அந்த நேரம் பார்த்து வந்து நிற்கும். கோயிலைக் காட்டிவிட்டுக் கடைசியில் ரத்தினக்கல் கடையில் இறக்குவார்கள்; சலுகை இன்றோடு முடிகிறது, ஊரில் இரட்டை விலைக்கு விற்கலாம் என்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, பதில் பேசாமல் வாசல் வரை நடப்பது. காலை 8.30க்குத் திறந்து மாலை 3.30க்கு டிக்கெட்டை நிறுத்துவார்கள், ஆளுக்கு 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு பெரியவர் வேட்டியோடு போகலாமா என்று கேட்டார். மடித்துக் கட்டாமல் இருந்தால் சரி என்றேன். அரச குடும்பத்தைப் பற்றிக் கேலி, கமென்ட் எதுவும் வேண்டாம். அங்கே குற்றவியல் சட்டம் 112வது பிரிவில் 3 முதல் 15 வருடம் வரை சிறை.

சோற்றுக்கு வருகிறேன். சைவம் என்று சொல்லி வாங்கினாலும் மீன் சாறு விழுந்திருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பாக, நம் கண்ணுக்கு 17 மாதிரித் தெரியும் எழுத்து உள்ள கடையைப் பாருங்கள். அங்கே கிடைப்பது 'ஜே' சாப்பாடு, முட்டை, வெங்காயம், பூண்டுகூட இருக்காது. சிலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய் மக்களே பூத்தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

இனி நான் கவுன்டரில் அதிக நேரம் செலவழிக்கும் விஷயம். 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இருந்தால்தான் என்று மறுபடி இறுக்கியது. ஆனாலும் இலைப் படம் போட்ட கடைகள் கண்ணில் படும். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் 'ஹைப்ரிட் கஞ்சா' பிடிபடும் செய்தி கொச்சியிலிருந்தும் வருகிறது. சிக்குகிறவர்களில் வெறும் தூக்குக்கூலிக்காரர்களும் உண்டு: இலவச டிக்கெட், கொஞ்சம் கைச்செலவு, வரும்போது ஒரு பொட்டலம். நம் 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டப்படி ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் என்றால் 10 வருடம் வரை சிறை, அதற்கு மேல் போனால் 10 முதல் 20 வருடம். உள்ளே இருப்பது தெரியாது என்று நிரூபிக்கும் பாரமும் பெட்டிக்காரர் தலையில்தான். சாக்லேட், பிஸ்கட், பொம்மை என்று தெரிந்தவரே கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பிரிக்க விடாவிட்டால் வாங்கவே வேண்டாம்.

இன்னொரு வகை ஆள்களும் வருகிறார்கள். "ரிட்டர்ன் வேண்டாங்ணா, போற டிக்கெட் மட்டும் போடுங்க. விசாவ அங்க போனதுக்கப்புறம் கம்பெனியே மாத்திக் குடுக்கும்ங்றாங்க. டைப்பிங் வேலைதானுங்ணா." படித்த பையன்கள். சுற்றுலா அனுமதியில் போய் அங்கே வேலை பார்க்கவே முடியாது. வேலை விசாவை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போவதுதான் பத்திரம். இப்படிப் போனவர்களை மியான்மர் எல்லையான மே சோட் வழியாக ஆறு தாண்டி மியாவாடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்துவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து 500-க்கும் மேற்பட்ட நம்மவர்களைக் கூட்டிவந்தன. ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ரேஷன் கார்டு கேரளத்தில் இருந்தால் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான நோர்க்காவில் கேட்கலாம், தமிழ்நாட்டில் இருந்தால் அயலகத் தமிழர் துறையில் கேட்கலாம்.

இந்த மாதிரி வேலையை நம்பி ஏற்கெனவே போய் இறங்கிவிட்டவர்களுக்கு: மே சோட் பாங்காக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். கூட்டிப்போகும் கார் ஊருக்குள் திரும்பாமல் மணிக்கணக்கில் ஓடினால், பெட்ரோல் போட நிறுத்தும் இடத்தில், ஆள் கூட்டத்துக்கு நடுவில் இறங்கிவிடுங்கள். பெட்டி போனால் போகட்டும், பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கட்டும். 1155 சுற்றுலாப் போலீஸ். இந்தியத் தூதரகம் சுகும்வித் சாலையின் 23வது சோயில் (சோய் என்றால் சந்து) இருக்கிறது.