வசனம் அப்புறம் வரட்டும், இப்போது தண்ணீர் ஊற்றட்டும்

சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வருகிறவர்கள் வாசலில் நின்றே கேட்பார்கள்: "இன்னைக்கு என்ன படிச்சான் டீச்சர்?" பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவ சபை நடத்தும் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளின் அறை என் பொறுப்பு. அதனால் எங்களிடம் இன்னொரு கேள்வியும் வரும்: "எத்தனை வேத வசனம் சொல்லுதான்?"

கேட்பதில் தப்பே இல்லை. பிள்ளை கர்த்தருக்குள் வளர வேண்டும் என்றுதான் நம்மிடம் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையை வசனக் கணக்கு வைத்துப் பார்த்தால், அது நிஜமாகப் படித்தது நம் கண்ணில் படாமலே போய்விடும்.

ஒரு பையன். வயது ஒன்றே முக்கால். ஒரு பேசின் தண்ணீர், பெரிய டம்ளர் ஒன்று, சின்னது ஒன்று. பெரியதிலிருந்து சின்னதில் ஊற்றுவான், வழியும், குனிந்து பார்ப்பான், திரும்ப ஊற்றுவான். மூன்று நாள் இதேதான். ஒவ்வொரு தடவை வழியும்போதும் நான் பக்கத்தில் இருந்து "நெறஞ்சிட்டு" என்பேன். நாலாம் நாள் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேயே கையை நிறுத்தினான். என்னை நிமிர்ந்து பார்த்து "நெஞ்சிட்டு" என்றான். அதுவரை அவன் வாயில் ஐந்தாறு சொல்தான் இருந்தது. அவன் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "தண்ணியில விளையாட விட்டீங்களா? சளி பிடிக்குமே டீச்சர்" என்றார்.

அந்த மூன்று நாளில் அளவு என்றால் என்ன என்று அவன் கைக்குத் தெரிந்தது. மணிக்கட்டைத் திருப்பவும் சரியான நேரத்தில் நிறுத்தவும் பழகினான். நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போவதும் இதே மணிக்கட்டுதான். இரண்டு வயதில் பென்சிலைக் கொடுத்து 'அ' போடச் சொன்னால் கைக்கும் வலி, மனசுக்கும் வலி.

வேதாகமக் கதையும் அப்படித்தான். முன்பு எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து நோவா கதை சொல்வேன். ஒருவன் ஜன்னலைப் பார்ப்பான், ஒருத்தி எழுந்து போவாள். இப்போது ஒரு பிளாஸ்டிக் கூடைதான் பேழை. யானை, ஒட்டகம், புறா எல்லாம் தரையில் கிடக்கும். வருகிறவர்கள் வரலாம். யானையை உள்ளே வைத்து, வெளியே எடுத்து, மறுபடி வைத்தால் அந்த வயதுக்குக் கதை முடிந்தது. சாப்பாட்டுக்கு முன் ஒரே வரி ஜெபம். கண்ணை மூடு என்று யாரையும் அதட்டுவதில்லை.

ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. "பொம்மையைக் குடுக்கலேன்னா இயேசப்பா அடிப்பார்" என்று சொல்வது. இரண்டு வயதில் பங்குபோடத் தெரியாதது பாவம் இல்லை, அது வளர்ச்சியின் ஒரு படி. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே இதை எழுதியிருக்கிறார்: சேர்ந்து விளையாடப் பழகுமுன், பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்து தனித்தனியாக விளையாடும் பருவம் ஒன்று உண்டு. அதனால் எங்கள் அறையில் எந்தச் சாமானும் இரண்டு இரண்டாக இருக்கும். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். அழுதால் ஓடி வந்து தூக்க ஆள் உண்டு என்று ஒரு பிள்ளை நம்புகிறதே, கடவுளைப் பற்றி அது கற்கும் முதல் பாடம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விளையாட்டு வழிக் கல்வி ஏதோ புது நாகரிகம் என்று சபையில் சிலர் நினைக்கிறார்கள். 1837-ல் ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்கென்று விளையாட்டுக் கூடம் தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த ஃப்ரோபெல், ஒரு லுத்தரன் போதகரின் மகன். பிள்ளைகளுக்கு அவர் முதலில் கொடுத்தது புத்தகம் அல்ல, ஆறு நிறத்தில் மெத்தென்ற கம்பளிப் பந்துகள். சகரியா 8-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கர்த்தர் எருசலேமுக்கு வாக்குக் கொடுக்கும்போது, தெருவெல்லாம் பிள்ளைகள் விளையாடுவதையும் சேர்த்தே சொல்கிறார்.

"கிறிஸ்தவப் பாட்டுத்தானே" என்று போனைக் கையில் கொடுப்பதும் வேண்டாம். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே கூடாது, இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதே பாட்டை நீங்கள் மடியில் வைத்துப் பாடுங்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.

விளையாட விடுவது என்றால் விட்டுவிட்டுப் போவது இல்லை. தண்ணீர் வைத்தால் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். முடிந்ததும் பேசினை உடனே கவிழ்த்துவிட வேண்டும், ஏனென்றால் நாலு விரல்கடைத் தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்து. நிலக்கடலை, முழுத் திராட்சை, காசு, பட்டன் பேட்டரி எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது.

பக்கத்தில் இருந்து பார்ப்பதில் இன்னொரு பலனும் உண்டு. ஒன்றரை வயதிலும் எதையும் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, சக்கரத்தை மட்டுமே மணிக்கணக்காகச் சுற்றும் பிள்ளை என்று விளையாடும்போதுதான் இவை தெரியவரும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று ஆச்சி சொல்வார். இருக்கட்டும், குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே இயங்கும் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு) மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். ஆறு மாதம் முந்திப் போவது பெரிய வித்தியாசம்.

நாளைக்குப் பிள்ளையைக் கூப்பிட வரும்போது வாசலில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இன்னைக்கு எதை ரொம்ப நேரம் வச்சு விளையாண்டான் டீச்சர்?" அந்தச் சாமான் உங்கள் வீட்டுச் சமையலறையிலும் இருக்கும்.