பீகிள் ஏன் கூப்பிட்டால் வருவதில்லை? மைதானத்திலும் மலையிலும் ஒரு மூக்கின் வேலை

பீகிள் நாய் வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: "வீட்டுக்குள்ளே சொன்ன பேச்சைக் கேட்கிறது, வெளியே வந்தால் காது கேட்காத மாதிரி நடந்துகொள்கிறது." பிடிவாதம் என்று இதற்குப் பேர் வைத்துவிடுகிறார்கள். அந்த நாயை எதற்காக உருவாக்கினார்கள், அதன் மூக்குக்குள் காற்று எப்படிப் போய்வருகிறது என்று பார்த்தால் வேறு விளக்கம் கிடைக்கும். அஜிலிட்டி எனும் தடை தாண்டி ஓடும் விளையாட்டு மைதானத்திலும் மலைப்பாதையிலும் அதை எப்படி நடத்துவது என்பதும் அதிலேயே இருக்கிறது.

பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென வளர்ந்த இனம். இன்றைய பீகிளின் வம்சத்தை 1830களில் எஸ்ஸெக்ஸில் பாதிரியார் பிலிப் ஹனிவுட் வைத்திருந்த நாய்க் கூட்டத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். 1890இல் பீகிள் கிளப் தொடங்கியது. இந்த வேட்டையில் ஆட்கள் பெரும்பாலும் நடந்தே போவார்கள். நாய்க் கூட்டம் தடத்தைப் பிடித்துக் குரல் கொடுத்தபடி முன்னே ஓடும், ஆட்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பின்னே வருவார்கள். புதருக்குள் இருந்தாலும் தெரியும்படி வால் நுனி வெள்ளை. ஆடு மேய்க்கும் பார்டர் கோலி ஒவ்வொரு விசிலுக்கும் எசமானரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பீகிள் திரும்பிப் பார்த்தால் தடம் போய்விடும். ஆகவே பல தலைமுறைகளாகத் திரும்பிப் பார்க்காத குட்டிகளையே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். இன்று நாம் குறை சொல்லும் குணம்தான் அன்று அதற்குக் கிடைத்த சான்றிதழ்.

இனி மூக்குக்கு வருவோம். மனிதருக்கு மணம் உணரும் செல்கள் 50, 60 லட்சம் என்றால் பீகிளுக்கு 22 கோடி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் எண்ணிக்கையைவிடக் காற்றோட்டம்தான் சுவாரசியமானது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நாயின் மூக்கை ஸ்கேன் செய்து, அதன் காற்றோட்டத்தைக் கணினியில் கணித்து 2010இல் வெளியிட்டார்கள். உள்ளே வரும் காற்றில் 12, 13 விழுக்காடு தனிப் பாதையில் பிரிந்து, மூக்கின் பின்கோடியில் உள்ள மோப்ப அறைக்கு நேராகப் போகிறது. மீதி நுரையீரலுக்கு. மூச்சு வெளியேறும்போது காற்று அந்த அறையைக் கலைப்பதில்லை, மண மூலக்கூறுகள் அங்கேயே தங்கிப் படிய நேரம் கிடைக்கிறது. மனித மூக்கில் இப்படி ஒதுக்குப்புறமான அறை கிடையாது. நாய் மோந்து பார்க்கும்போது இந்த உறிஞ்சல் நொடிக்கு ஏறத்தாழ 5 முறை நடக்கிறது. வெளிவிடும் மூச்சோ நாசியின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் பின்னோக்கிப் பீய்ச்சுவதால், மூக்கின் முன்னால் உள்ள மணம் கலையாமல் இருக்கிறது.

தடத்தில் ஒரு பீகிள் முதலில் தேடுவது திசையை. அடுத்தடுத்த காலடிகளில் மணத்தின் வயதில் உள்ள சிறு வேறுபாட்டை ஒப்பிட்டு, ஓடியது எந்தப் பக்கம் என்று முடிவு செய்கிறது. மனிதக் காலடிகளை வைத்து நாய்களிடம் நடத்திய சோதனைகளில், திசையைக் கண்டுபிடிக்க 5 காலடிகள் போதும் என்று தெரிந்தது. இதெல்லாம் சில நொடி வேலை. நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் தருணம் பெரும்பாலும் இந்தச் சில நொடிகளுக்குப் பிறகுதான் வருகிறது. அப்போது நாய் முடிவெடுத்துவிட்டது. எனவே அதன் வாலையும் கழுத்தையும் பாருங்கள்: வால் வேகமாக ஆடத் தொடங்கி, தலை தாழ்ந்து, நடை சட்டென்று குறுக்கும் நெடுக்குமாக மாறினால் திசை தேடுகிறது என்று பொருள். கூப்பிட வேண்டிய நேரம் அதுதான். நாயின் குரல் எழுந்துவிட்டால் தாமதம்.

அந்த நேரத்தில் கூப்பிட்டு வரவழைக்க, வந்தால் என்ன கிடைக்கும் என்பது நாய்க்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பிஸ்கட் மட்டும் போதாது. வந்ததும் ஒரு துண்டு கறி கொடுத்து, உடனே "போ, தேடு" என்று அதே தடத்துக்குத் திருப்பி அனுப்புவதுதான் நல்ல கூலி. கூப்பிட்டாலே விளையாட்டு முடிந்தது, லீஷ் மாட்டப் போகிறார்கள் என்று நாய் கற்றுக்கொண்டால் அந்தக் கட்டளை செத்துவிடும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திருப்பி அனுப்புங்கள். இதைப் பழக்க 10 மீட்டர் நீளக்கயிறு வேண்டும். அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள், ஹார்னஸின் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) முதுகு வளையத்தில் மாட்டுங்கள். காரணம் பின்னால் வருகிறது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் கூடாது. முயலைக் கண்டு பாயும் 12 கிலோ நாய் விரலை முறித்துவிடும்.

மறைத்துவைத்த மணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் மோப்ப விளையாட்டு பீகிளுக்கென்றே அமைந்தது போன்றது. அமெரிக்க வேளாண் துறை 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளில் பழமும் இறைச்சியும் தேடத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த இனமும் இதுதான்: மூக்கு கூர்மை, உருவம் சிறிது, முகத்தைப் பார்த்துப் பயணிகள் பயப்படுவதில்லை. நாய் வளர்ப்புச் சங்கமான அமெரிக்கன் கென்னல் கிளப்பின் போட்டிகளில் தேட வேண்டிய மணங்களாகப் பிர்ச், அனீஸ் (சோம்பு போன்ற மணம்), கிராம்பு, சைப்ரஸ் எண்ணெய்கள் பயன்படுகின்றன. வீட்டில் தொடங்கக் கிராம்பு எண்ணெயே போதும்.

காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் ஒரு நாள் வையுங்கள். பஞ்சுத் துண்டை இடுக்கியால் எடுத்து, துளையிட்ட சிறு தகர டப்பாவில் போட வேண்டும். கையால் தொட்டால் உங்கள் விரல் போகும் இடமெல்லாம் கிராம்பு மணக்கும், பிறகு நாய் எதைத் தேடும்? ஐந்தாறு அட்டைப்பெட்டிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்து, ஒன்றில் மட்டும் டப்பாவையும் அதன் மேல் நாலு துண்டு கறியையும் வையுங்கள். நாய் அந்தப் பெட்டியில் மூக்கை வைத்ததும் உள்ளேயே இன்னும் கொஞ்சம் தீனி போடுங்கள். ஒரு சுற்று இரண்டு மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சில வாரம் கழித்து டப்பாவை மட்டும் வைத்து, கண்டுபிடித்த பிறகு தீனி கொடுங்கள். தீனி வைத்த பெட்டியை அடுத்த சுற்றில் காலிப் பெட்டியாக வைத்தால் நாய் அங்கே போய் நிற்கும். தவறு நாயுடையது இல்லை, எனவே தீனிப் பெட்டிக்குப் பேனாவால் அடையாளம் போட்டுத் தனியே வையுங்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் நீங்கள்தான். கலிபோர்னியாவில் 18 துப்பறியும் நாய்களையும் அவற்றின் பயிற்சியாளர்களையும் வைத்து ஒரு சோதனை நடத்தி, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். அறைகளில் தேட வேண்டிய பொருள் எதுவுமே இல்லை. ஆனால் சில இடங்களில் ஒட்டிய சிவப்புத் தாள் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டுவதாகப் பயிற்சியாளர்களிடம் சொல்லியிருந்தார்கள். நாய்கள் 'கண்டுபிடித்ததாக' வந்த அறிவிப்புகள் அந்தத் தாள்களைச் சுற்றியே அதிகம் குவிந்தன. ஆகவே பெட்டி வைப்பது ஒருவர், நாயோடு போவது வேறொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அஜிலிட்டி வேறு கதை. 1978இல் லண்டனில் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையை நிரப்ப, குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து அமைத்த காட்சி விளையாட்டு அது. பிரிட்டனில் கென்னல் கிளப் போட்டிகளில் 18 மாதம் நிறையாத நாய்க்கு இடமில்லை. தோள்பட்டை உயரம் 35 செ.மீ. வரை இருந்தால் சிறிய பிரிவு, 30 செ.மீ. தடை. அதற்கு மேல் 43 வரை நடுத்தரப் பிரிவு, 40 செ.மீ. தடை. பீகிளின் விரும்பத்தக்க உயரம் 33 முதல் 40 வரை என்பதால் இந்த இனம் சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறது. உயரத்தில் ஒரு செ.மீ. வித்தியாசம் தாண்டலில் 10 செ.மீ. ஆகிவிடும். பயிற்சியில் பெரும்பாலான நாள் 20 செ.மீ. தடையே போதும். ஓட்டமும் திருப்பமும்தான் கற்க வேண்டியவை, உயரம் கடைசியில் வந்தால் போதும்.

பீகிள் இந்த மைதானத்தில் தோற்பது தடைகளில் குறைவு, தடைகளுக்கு இடையிலான வெற்றுத் தரையில்தான் அதிகம். முந்தைய நாய்க்குக் கொடுத்த தீனியின் தூள், இரவில் வந்துபோன முயல் என்று அங்கே மணங்கள் ஏராளம். இரண்டு வழிகள் உதவும். மோப்ப விளையாட்டுக்கு ஹார்னஸ், அஜிலிட்டிக்குக் கழுத்துப் பட்டை அல்லது எதுவுமே இல்லை என்று உடையையே சைகையாக்கிவிடுங்கள். ஹார்னஸ் போட்டால் மூக்கு வேலை, கழற்றினால் கால் வேலை என்பதைப் பீகிள் நன்றாகவே பிரித்துக்கொள்ளும். இரண்டாவது, தீனியைத் தரையில் போடாதீர்கள். கையிலிருந்தோ, தடைக்கு அப்பால் எறியும் மூடிய பையிலிருந்தோ கொடுங்கள். 60 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நிற்கும் கம்பங்களுக்குள் வளைந்து போகும் பயிற்சியை இரண்டு கம்பங்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு தடைக்குப் பின் சட்டென்று நின்று தரையை மோந்தால் அது எப்போதும் ஆசை என்று எண்ணிவிட வேண்டாம். குழம்பிப்போன நாயும் மோந்து பார்க்கும். உங்கள் கை ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் காட்டியதா என்று வீடியோவில் பாருங்கள்.

மலையில் கணக்கு மாறுகிறது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் உள்ள கேட்பெல்ஸ் குன்றை எடுத்துக்கொள்வோம். உச்சி 451 மீட்டர், ஏரியிலிருந்து ஏற்றம் ஏறத்தாழ 375 மீட்டர். வெயில் நாளில் சூடான சரிவில் காற்று மேல்நோக்கி எழும், மாலையில் குளிர்ந்து கீழே வழியும். காலையில் ஏறும்போது கீழே மேயும் ஆடுகளின் மணம் பின்னாலிருந்து வரும். மாலையில் இறங்கும்போது மேட்டிலிருக்கும் முயலின் மணம் கீழே வழிந்து வரும். கல் அடுக்கிய வேலிச் சுவர்களின் ஓரத்திலும் ஓடைப் பள்ளங்களிலும் மணம் தேங்கும். அந்த இடங்களை நெருங்கும் முன்பே கயிற்றைச் சுருக்குங்கள். இது வெறும் யோசனை அல்ல: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது நடைக்குத் திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத லீஷில் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். கால்நடைகள் அருகில் இருந்தால் ஆண்டு முழுவதும் அப்படித்தான். ஒரே விதிவிலக்கான அறிவுரை, மாடுகள் துரத்தினால் லீஷை விட்டுவிடுவது. அவற்றின் குறி நாய்தான், அது தப்பி ஓடிவிடும், நீங்கள் ஓட முடியாது.

இதே வட்டாரத்தில் ஹவுண்ட் டிரெய்லிங் என்ற பழைய விளையாட்டு இருக்கிறது. அனீஸ் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து நனைத்த துணியை மலைமேல் இழுத்துப் போவார்கள். அந்தத் தடத்தில் நாய்கள் சுமார் 10 மைல் ஓடி அரை மணி நேரத்தை ஒட்டித் திரும்பிவிடும். 1906இல் அதற்குச் சங்கம் அமைந்தது. ஓடுபவை நரிவேட்டை நாய்களின் வழிவந்த தனி இனம். வீட்டுப் பீகிளை அந்த வேகத்துக்குத் தள்ளக் கூடாது.

காரணம் வெப்பம். நாய் உடல் சூட்டைத் தணிப்பது முக்கியமாக இரைப்பில்தான், நாக்கிலும் மூக்கிலும் நீர் ஆவியாக வேண்டும். இரைக்கும் நாயால் ஒழுங்காக மோந்து பார்க்க முடியாது, ஏனெனில் இரண்டுக்கும் அதே காற்றுப்பாதை. ஆர்வம் கூடிய பீகிள் மோப்பத்துக்காக வாயை மூடிக்கொண்டு இரைப்பதைத் தள்ளிப்போடும், சூடு ஏறிக்கொண்டே போகும். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாதலும் குறையும். சென்னையில் வளர்ப்பவர்கள் இதை விடிகாலையிலேயே பார்க்கலாம். நாயின் இயல்பு வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் ஆபத்து. நாக்கு அகன்று கரண்டி போல் தொங்கினால் நிறுத்தி நிழலுக்குப் போங்கள். தள்ளாடினால் முதலில் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, பிறகே மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். ஈரத் துணியைப் போர்த்திவைப்பது சூட்டை உள்ளேயே அடைக்கும்.

வெப்பத்தைக் குறைவாக எடைபோடும் நாம், தீனியின் தேவையை நேர் எதிராக அதிகமாக எடைபோடுகிறோம். 12 கிலோ பீகிளுக்கு ஓய்வில் தேவை நாளுக்கு ஏறத்தாழ 450 கிலோகலோரி, சாதாரண வீட்டு வாழ்க்கைக்கு 720 போல. சமதளத்தில் நடக்க ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்குச் சுமார் 1 கிலோகலோரி. கேட்பெல்ஸ் சுற்று 6 கி.மீ. என்றால் 72. உடலை 375 மீட்டர் தூக்க 44 கிலோஜூல், அதாவது பத்தரை கிலோகலோரி. தசை கால் பங்கு திறனோடு வேலை செய்கிறது என்று வைத்தால் 42. மொத்தம் 114தான். செடார் சீஸ் 30 கிராம் கொடுத்தால் மலையே ஈடாகிவிட்டது! மலைக்குப் போய்வந்த நாய் பாவம் என்று இரட்டைச் சோறு வைக்கும் வீடுகளில்தான் பீகிள் பீப்பாய் ஆகிறது. தண்ணீரில் மட்டும் தாராளம் வேண்டும்: ஒரு லிட்டர் தனியாக எடுத்துச்செல்லுங்கள்.

எடை கூடினால் முதலில் தாங்குவது முதுகெலும்பு. கால் குட்டையான பல இனங்களைப் போலவே பீகிள்களிலும் எஃப்ஜிஎஃப்4 மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று பரவலாக உண்டு. அது முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் இருக்கும் வட்டுகளை இளவயதிலேயே கெட்டியாக்கிவிடுகிறது. பீகிளில் கழுத்து வட்டு அடிக்கடி பாதிக்கப்படுவதால்தான் நீளக்கயிறு கழுத்துப் பட்டையில் வேண்டாம் என்றோம். வேலியின் மர ஏணிகளில் தாண்டவிடாமல், ஒரு கை மார்புக்கும் மறு கை பின்தொடைக்கும் அடியில் கொடுத்துத் தூக்கிக் கடத்துங்கள். இறங்கும்போது பாறையிலிருந்து குதிக்கவிடாதீர்கள்.

வீடு திரும்பியதும் காது மடலின் உட்புறம், அக்குள், விரலிடுக்கு, இமை ஓரம் ஆகிய இடங்களில் உண்ணி பாருங்கள். பெரணிப் புதரில் மூக்கை நுழைக்கும் நாய்க்கு முகத்தில்தான் அதிகம் ஏறும். கொக்கிக் கருவியால் திருகி எடுங்கள், தீயால் சுடவோ எண்ணெய் பூசவோ கூடாது. தொங்கும் காதுக்குள் ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும், துணியால் துடைத்து உலரவிடுங்கள். மறுநாள் நாய் தட்டிலிருந்து சாப்பிடத் தலையைத் தாழ்த்த மறுத்தாலோ, தூக்கினால் கத்தினாலோ அது வெறும் உடல்வலி ஆக இருக்காது. கழுத்து வட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் ஐபுபுரூஃபனையோ பாராசிட்டமாலையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டும் நாய்க்கு நஞ்சாகிவிடக்கூடியவை.