பாதி அடையாளம் போதும்

ஆரஞ்சும் கறுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனையைப் பார்த்திருப்பீர்கள். அநேகமாக அது பெண் பூனைதான். கருவாக இருக்கும்போதே அதன் செல் ஒவ்வொன்றும் தன் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை, விளக்கை அணைப்பதுபோல், அணைத்துவிடுகிறது. 1961இல் எலிகளின் ரோம நிறத்தைக் கவனித்து மரபியலாளர் மேரி லயன் இதைச் சொன்னார். அணைப்பதைவிட எனக்குப் பெரிய வியப்பு அப்புறம் நடப்பதுதான். அந்தச் செல் எத்தனை முறை பிரிந்தாலும், அதன் வாரிசுகள் எல்லாம் அதே எக்ஸைத்தான் அணைத்து வைத்திருக்கின்றன. ஆரஞ்சா கறுப்பா என்று தீர்மானிக்கும் மரபணு எக்ஸில் இருக்கிறது; அதனால்தான் ஒரு திட்டு முழுவதும் ஒரே நிறம்.

டிஎன்ஏ பிரதியாகும்போது இழைகள் இரண்டாகப் பிரிகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 147 எழுத்து இணைகளைத் தன்மேல் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளும் கழல்கின்றன. அணைத்ததற்கான குறிகள் இருப்பதோ இவற்றின் மேல்தான். சரி, அவை எப்படிப் பிழைக்கின்றன?

முதலில் டிஎன்ஏ. சி எழுத்தை அடுத்து ஜி வரும் இடத்தில், எதிர் இழையிலும் அப்படியே ஒரு சி-ஜி இருக்கும். இரண்டு சி-யிலும் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறி ஒட்டியிருக்கும். பிரதியான பிறகு பழைய இழையில் மட்டுமே அது மிஞ்சுகிறது. இந்தப் பாதிக் குறியைத் தேடுவதுதான் யுஎச்ஆர்எஃப்1 புரதத்தின் வேலை. மீத்தைல் ஒட்டிய சி-யை இரட்டைச் சுருளிலிருந்து வெளியே புரட்டி, தன் குழிக்குள் பொருத்திப் பிடித்துக்கொள்கிறது. அது கூட்டிவரும் டிஎன்எம்டி1 நொதி, புது இழையின் சி-யிலும் மீத்தைலை ஒட்டுகிறது. இப்படி ஏதோ நடக்கவேண்டும் என்று 1975இலேயே இரு தரப்பினர் தனித்தனியாக ஊகித்திருந்தார்கள். நொதி கையில் கிடைக்காத காலத்தில் வந்த அந்த ஊகம் இன்றும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

ஹிஸ்டோன்களும் வீணாவதில்லை. குறி தாங்கிய பழையவை ஏறக்குறையச் சரிபாதியாக இரு பிரதிகளுக்கும் போகின்றன; இடைவெளிகளில் குறியில்லாத புதியவை அமர்கின்றன. பிஆர்சி2 என்ற புரதக் கூட்டு ஒரு கையால் பழைய குறியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் பக்கத்துப் புதியதில் அதே குறியை இடுகிறது. அவசரமே இல்லை: பிரதியெடுப்பு சில மணி நேரத்தில் முடிந்தாலும், இந்தக் குறி முழுதாக நிரம்ப அடுத்த செல் சுழற்சி வரைகூட ஆகும்.

இந்தச் சங்கிலியை அறுக்கவும் முடியும். சில ரத்த நோய்களுக்குத் தரும் அசாசிடிடின் மருந்து, டிஎன்ஏவுக்குள் புகுந்து டிஎன்எம்டி1-ஐச் சிக்கவைத்துவிடுகிறது. பாதிக் குறியை நிரப்ப ஆளில்லை. செல் பிரியப் பிரிய மீத்தைல் தேய்ந்து, அணைந்திருந்த சில மரபணுக்கள் மறுபடி விழித்துக்கொள்கின்றன.