குப்புற படுக்க வெச்சா ஆக்சிஜன் எப்படி ஏறுது?

கடுமையான நிமோனியா வந்து வென்டிலேட்டர்ல இருக்கறவர ஐசியுல குப்புற படுக்க வெச்சிருந்தா வீட்டுக்காரங்க பதறிடுவாங்க, மூச்சே விட முடியாதவர இப்படியா போடுவீங்கன்னு. நியாயமான கேள்விதான்.

நம்ம நுரையீரல்ல பெரும்பகுதி முதுகுப்பக்கமா இருக்கு. மல்லாந்து படுத்தா இதயத்தோட கனம், வயிறு மேல தள்ளற அழுத்தம் எல்லாம் அது மேலதான் விழும். நல்லா இருக்கறவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. ஆனா தொற்று முத்தி ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீர்னு சரியா வேலை செய்யாம போற கடுமையான நிலை) ஆயிட்டா நுரையீரல் நீர் கோத்து ஈரப்பஞ்சு மாதிரி கனத்துடும், தன் கனத்துலயே கீழ இருக்கற காத்தறைகள் அமுங்கி மூடிக்கும். மூடின இடத்துக்கு ரத்தம் போறது மட்டும் நிக்காது, போய் ஆக்சிஜன் எடுக்காமலே திரும்பி வரும், அதனாலதான் வென்டிலேட்டர்ல 100 சதவீதம் ஆக்சிஜன் வெச்சும் சில பேருக்கு சாச்சுரேஷன் (ரத்தத்துல இருக்கற ஆக்சிஜன் அளவு) ஏறாம அடம் பிடிக்குது. குப்புற திருப்பினா இதயம் மார்பெலும்பு பக்கம் சாஞ்சுக்கும், முதுகுப்பக்கம் மெல்ல திறக்கும், ரத்தம் அப்பவும் பெரும்பாலும் அங்கயே ஓடறதால காத்தும் ரத்தமும் ஒரே இடத்துல சேருது.

2013ல வெளியான புரோசேவா ஆய்வுல மோசமான ஏஆர்டிஎஸ் இருந்த 466 பேர பாத்தாங்க. ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது 16 மணி நேரம் குப்புற வெச்சவங்கள்ல 28 நாளுக்குள்ள இறந்தது 16 சதவீதம், மல்லாந்தே இருந்தவங்கள்ல 32.8 சதவீதம். புது மருந்து எதுவும் கிடையாது, திருப்பிப் போட்டதுதான்!

ஆனா அந்த திருப்பிப் போடறது இருக்கே, அது பெரும்பாலும் நர்ஸுங்க கை வேலை. தலைமாட்டுல ஒருத்தர் மூச்சு டியூப விடாம பிடிச்சுக்கணும், அவர் எண்ணினாத்தான் மத்தவங்க அசைக்கணும், டியூப் உருவிட்டா அந்த நிமிஷமே உயிருக்கு ஆபத்து. அதுக்கு முன்னாடியே மூக்கு டியூப்ல போற திரவ உணவ நிறுத்தி, சளிய உறிஞ்சி எடுத்து, கண்ணுல ஆயின்ட்மென்ட் போட்டு மூடி, ஈசிஜி ஒயர் ஒட்டறத முதுகுக்கு மாத்தி, ஐவி லைன் எதுவும் இழுபடாம நீளம் விட்டு வெச்சிருப்பாங்க. திருப்பினதோட முடிஞ்சுதான்னா இல்ல, நெத்தி, கன்னம், தாடை, முழங்கால் எங்கயும் அழுத்தி புண்ணு வரக்கூடாது, அதனால ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா தலைய மறுபக்கம் திருப்பி, நீச்சல் அடிக்கற மாதிரி வெச்ச கைய மாத்தி வைக்கணும், தோள்பட்டை நரம்பு ரொம்ப நேரம் இழுபட்டா கை மரத்துப் போய் பலவீனமாயிடும். தலைமாட்ட கொஞ்சம் தூக்கி வைக்கறதும் உண்டு, முகத்துல நீர் சேராம இருக்க. ஆய்வுக் கட்டுரைல இதெல்லாம் ஒரு வரில போயிடும், என்ன கேட்டா சிகிச்சையே இதுதான்.

எல்லாருக்கும் இது சரி வராது. முதுகெலும்பு உடைஞ்சு நிலையா இல்லாதவங்கள திருப்ப மாட்டாங்க. வென்டிலேட்டர் இல்லாம முழிச்சிருக்கறவங்கள தானாவே குப்புற படுக்கச் சொல்றதும் உண்டு, ஆனா அவங்களையும் பக்கத்துல இருந்து பாத்துக்கணும், படுத்திருக்கார்னு நெனச்சு மூச்சு வேகம் ஏறறத கவனிக்காம விட்டா டியூப் போட வேண்டிய நேரம் தள்ளிப் போயிடும்.

திரும்ப மல்லாக்க போட்டதும் முகம் நல்லா வீங்கி ஆளே அடையாளம் தெரியாம இருக்கலாம், அது கீழ்ப்பக்கம் சேந்த நீர், கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சிடும், பாக்க வர்றவங்ககிட்ட இத முன்னாடியே சொல்லிட்டா நல்லது.