அரிப்பு நின்றதும் க்ரீமை நிறுத்தலாமா?

"மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீமைப் போட்டேன். இரண்டே நாளில் பிறப்புறுப்பில் அரிப்பு நின்றது. நிறுத்திய பிறகு முன்னைவிட மோசமாக வந்துவிட்டது. போலி மருந்தா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். போலியாக இருக்க வேண்டியதில்லை. அந்த ட்யூபில் என்னென்ன கலந்திருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அரிப்பும் திரிதிரியான வெள்ளைப்படுதலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சைதான் காரணம். அது நம் உடலில் சாதுவாகக் குடியிருப்பது. ஆன்டிபயாடிக், கர்ப்பம், கட்டுப்படாத சர்க்கரை என்று ஏதாவது ஒன்று இடம் கொடுத்தால் பெருகிவிடும். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. ஆண்களுக்கும் முன்தோலுக்கு அடியில் வரும். உடல் சூடு, எலும்பு உருகி வெளியேறுகிறது என்பதெல்லாம் வெறும் பயமுறுத்தல். அதை நம்பி மாதக்கணக்கில் வாய் திறக்காமல் தவிக்கும் பெண்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

சரி, மருந்து எப்படி வேலை செய்கிறது? பாக்டீரியாவின் செல் நம்முடையதிலிருந்து வெகுவாக வேறுபட்டது, அதனால் அதைத் தாக்க வழிகள் பல. பூஞ்சையோ நமக்குக் கிட்டத்தட்ட பங்காளி. செடிகொடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு. பங்காளியை அடித்தால் நமக்கும் அடி விழும். தப்பிக்க ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சை எர்கோஸ்டெரால் என்ற வேறொரு கொழுப்பை வைத்திருக்கிறது.

அதைத் தயாரிக்கும் வழியில் லானோஸ்டெரால் என்ற மூலக்கூறு வருகிறது. அதன் ஒரு பக்கம் துருத்தி நிற்கும் மெத்தில் குழுவை ஒரு நொதி வெட்டியெடுக்க வேண்டும். நொதியின் நடுவில் ஓர் இரும்பணு. ஆக்சிஜன் அதில் வந்து ஒட்டினால்தான் வெட்டு விழும். இந்தத் தொற்றுக்குத் தரும் பூஞ்சை மருந்தான க்ளோட்ரிமசோலின் மூலக்கூறில் ஐங்கோண வளையத்தில் இருக்கும் நைட்ரஜன் நேராகப் போய் அந்த இரும்பின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. ஆக்சிஜனுக்கு இடமில்லை, வெட்டும் இல்லை. துருத்தல் போகாத ஸ்டெரால்கள் சவ்வில் சேர்கின்றன. செங்கல் வரிசையில் மூக்கு நீட்டிய கற்களை வைத்துச் சுவர் எழுப்பியது போல அடுக்கு பொருந்தாமல் சவ்வு ஒழுகத் தொடங்குகிறது. நம் உடலிலும் இதே வகை நொதி உண்டு. ஆனால் மருந்து பூஞ்சையின் நொதியைத்தான் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. தடவும் மருந்தில் ரத்தத்துக்குள் போவதும் கொஞ்சமே. ஒரே ஒரு நைட்ரஜன் அணு செய்யும் இந்த வேலையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, பூஞ்சை உடனே சாவதில்லை. பெரும்பாலும் அதன் வளர்ச்சிதான் நிற்கிறது. மிச்சத்தை நம் உடல் துடைக்க வேண்டும். அதற்கு நாளாகும்.

அரிப்போ பூஞ்சைக்கு எதிராக நம் உடல் காட்டும் எதிர்ப்பு. க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அந்த எதிர்ப்பை அடக்கிவிடும். அரிப்பு நிற்கும், பூஞ்சை இருந்த இடத்தில் இருக்கும். தொடர்ந்து போட்டால் தொடையிடுக்குத் தோல் மெலிந்து கோடு விழும். 2018இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைகளில் இன்னும் கேட்டதும் கிடைக்கிறது. ட்யூபில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரை 500 மில்லிகிராம் என்றால் ஒரே இரவு, 100 என்றால் ஆறு இரவுகள். படுக்கும்முன் வைத்தால்தான் ஒழுகிப் போகாது. 1 சதவீத க்ரீம் வெளிப்புறத்துக்கு. சீட்டில் எழுதிய நாள் முடியும்வரை மெல்லிதாகத் தடவ வேண்டும். முன்னும் பின்னும் கை கழுவுங்கள். சோப்பு, டெட்டால் போட்டு உள்ளே கழுவவே வேண்டாம். அது அங்கே காவல் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும். இந்த மருந்துகளின் எண்ணெய்ப் பசை ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பூஞ்சை மருந்து ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க யாரும் முந்துவதில்லை. 1950இல் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் ஆய்வாளர்கள் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் ப்ரவுனும் வர்ஜீனியாவின் ஒரு பண்ணை மண்ணிலிருந்து நிஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார்கள். எர்கோஸ்டெராலையே பிடித்துச் சவ்வில் ஓட்டை போடும் மருந்து அது. காப்புரிமையில் வந்த 1.3 கோடி டாலருக்கும் மேலான தொகையில் தங்களுக்கென்று ஒரு காசு எடுக்காமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். நம் அரசு ஆய்வகங்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நிதிதான் இல்லை.

முதல்முறை வந்தவர்கள், கர்ப்பிணிகள், அடிக்கடி வருபவர்கள், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ புண்ணோ துர்நாற்றமோ இருப்பவர்கள் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும். ஒரு வாரத்தில் குறையாவிட்டாலும் அப்படியே. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மைக்கோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதால் இந்தத் தொற்று எளிதில் வரும். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கூச்சப்படாமல் அரிப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள்.